உடும்புப்பாறை ஏத்தம்

செல்வின் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவன் வண்டியின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கி விட்டான் மாரிசெல்வம். சர்ரென்று பாதிக் காற்று போய்விட்டது. திரும்பி வந்த செல்வின் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு பாயிண்ட் எறக்கலாமாண்ணே?"

"போதும் தம்பி. உடும்புப்பாறை ஏத்தம் பூராம் உருட்டுக்கல்லு. இதுக்குக் கீழ எறக்குனா ரிம்மு அடி வாங்கிரும்."

கல்லில் ஏறுகிற வண்டிக்குக் காற்று கம்மியாக இருந்தால்தான் டயர் பிடித்து நிற்கும். காமயகவுண்டன்பட்டியில் பட்டறை எத்தனையோ இருந்தாலும், காட்டுக்கும் ரோட்டுக்கும் ஓடுகிற இந்த ஒசந்த வண்டிகளின் பக்குவம் தெரிந்தவன் மாரிசெல்வம் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமையானால் தேனிப் பையன்கள் அவன் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

இன்றைக்கும் விடிந்ததிலிருந்து வேலை. ஏர் ஃபில்டரில் செம்மண் அப்பிக் கிடந்ததைக் கழுவிக் காயவைத்து மாட்டினான். தளர்ந்துபோன ஸ்போக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து முறுக்கினான். செயினுக்கு எண்ணெய் விட்டான்.

"இந்த மாதிரி ஒரு கல்லுப்பாதை கேரளாவுல தேடுனாலும் கெடையாதுண்ணே. எங்க க்ளப்புல எல்லாருக்கும் உங்க ஊருதான் உசுரு" என்றான் செல்வின்.

மாரிசெல்வத்துக்கு என்னவோ போலிருந்தது. அந்தக் கல்லுப்பாதை வாங்கிய உயிர் இவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

போன ஐப்பசியில், அவன் பிறந்த ஊரான மேல உடும்புப்பாறையில், தங்கை கயலுக்கு இடுப்புவலி வந்தபோது, கொட்டுகிற மழையில் ஜீப் ஏறவில்லை. கம்பில் போர்வையைக் கட்டி, அதில் அவளைப் போட்டு, நாலு பேர் எட்டுக் கிலோமீட்டர் தூக்கி வந்தார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அந்தச் சின்ன உடம்பைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டவன் மாரிசெல்வம்தான்.

வருகிற ஐப்பசிக்குக் கயலுக்கு மறுபடியும் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். கீழே வந்து இருடி என்றால் கேட்கவில்லை. "அதான் ரோடு வருதேண்ணே" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். வைகாசியில் ஆபீஸ் ஆட்கள் வந்து பாறைக்குப் பாறை வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள், மழைக்கு முன்னே தார் போட்டுவிடுவோம் என்று. ஆவணி வந்தும் ஒரு கல்கூட அசையவில்லை.

செல்வின் பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினான்.

"வழக்கமா போடுறதுதாண்ணே. வண்டியச் செக் பண்ணிட்டேன்னு."

எல்லாம் இங்கிலீஷ். மாரிசெல்வத்துக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பேனாவை வாங்கினான்.

"கீழ கடைப் பேரு எழுதவா தம்பி?"

"வேணாம்ணே, போன தடவ மாதிரி ஊர்ப் பேரே எழுதுங்க. அதான் கெத்து."

தன் ஊர்ப் பேருக்கு இப்படி ஒரு மரியாதையா என்று மாரிசெல்வத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். உடும்புப்பாறை என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். வழக்கம்போல கிரீஸ் விரல் தாளில் பட்டுவிட்டது. செல்வின் அதையெல்லாம் கண்டுகொள்கிற ஆள் இல்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டான்.

கம்பத்துப் பஸ்ஸில் வந்து இறங்கினான் திலீபன், கயலின் புருசன். ரோடு விசயமாகப் போன வாரம் முழுக்க ஆபீஸுக்கு அலைந்தவன். அவனுக்கு உட்கார ஒரு பழைய டயரை உருட்டிப் போட்டான் மாரிசெல்வம்.

"வாங்க மாப்ள. எப்ப வேல ஆரம்பிக்கிறாகளாம்?"

"ரோடு இல்ல மச்சான். நிப்பாட்டிட்டாக."

மாரிசெல்வம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எதுக்காம்?"

"ஊர்க்காரவுகளே வேணாம்கிறாகன்னு சொல்லிட்டாக. பாத இப்பிடியே கல்லும் மேடுமா கெடக்கட்டும், தாரு போடக் கூடாதுன்னு மனு போயிருக்கு. உடும்புப்பாறை ஆளே கையெழுத்துப் போட்டுருக்கான். வந்த பணம் வேற ஊருக்குப் போயிருச்சு. இனி எப்பன்னு தெரியாதாம்."

"வினோத்ராஜுதான். வேற எவன்? ரோடு வந்தா பஸ் வரும், பஸ் வந்தா அவன் ஜீப்புல எவன் ஏறுவான்? நம்ம பிள்ளையத் தூக்கிட்டு வந்த நாலு பேருல அவனும் ஒருத்தன் மாப்ள. கூட நின்னு அழுதானே, படுபாவி."

"அவரு இல்ல மச்சான்."

"அப்ப எவன்னு சொல்லுங்க. அவன் வீட்டுல பொம்பள பிள்ள இல்லையா? எந்தக் கையால கையெழுத்துப் போட்டானோ அந்தக் கை வெளங்குமா? அழுகித்தான போகும்."

திலீபன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸ் தாளை எடுத்து மச்சானிடம் கொடுத்தான்.

மாரிசெல்வம் வெடுக்கென்று பிரித்தான். எல்லாம் இங்கிலீஷ். கண்ணை ஓட்டிக்கொண்டே அடிக்கு வந்தான். அங்கே, எழுத்தெழுத்தாகத் தமிழில் எழுதிய உடும்புப்பாறைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை.

அவன் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு திலீபன் சொன்னான்:

"சாபம் விடாதீக மச்சான். அது உங்க கை."