உழாத நிலம்

தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு விட்டுக்கொடுத்துப் பேசப் போவதில்லை.

"உன் நிலத்தைப் பார்த்தா எனக்கு மானம் போகுதுடா" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

மேட்டு நிலம் தம்பியுடையது. அதை ஒட்டிச் சரிவுக்குக் கீழே இருப்பது அவளுடையது. அவள் டிராக்டர் விட்டு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கித்தான் விதைப்பாள். தம்பியோ உழுவதே இல்லை. போன அறுவடையின் சோளத்தட்டை அப்படியே கிடக்க, இடையில் குழி போட்டு மக்காச்சோளத்தை ஊன்றிவிட்டு வந்துவிடுவான். தம்பிக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று ஊரார் அவளிடம்தான் கேட்கிறார்கள். சோம்பேறித்தனத்துக்கு எந்த டாக்டர் மருந்து கொடுப்பார்?

உழுவதை நிறுத்தியதிலிருந்து அவனுக்கு விளைச்சல் பாதியாகிவிட்டது. அதே காலத்தில் அவளுக்குக் களம் கொள்ளாத மகசூல். எல்லாம் என் உழைப்பு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளைத் தம்பி கண்ணாலேயே அடக்கினான். இரண்டு பேருக்கும் சுருக்கென்று தைத்திருக்கிறது போல, தைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

"உனக்கு உழ உடம்பு வணங்கலைன்னா நிலத்தை எங்கிட்ட விடு. நான் ஆழமா உழுது விளைய வெச்சுக் காட்டறேன். வர்றதுல உனக்கும் பங்கு தரேன். பிள்ளைங்க படிப்பைப் பாருடா, வீம்பு பார்க்காதே."

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. இத்தனை கோபமும் அவன் நொடித்துப் போய்விடுவானோ என்ற பயம்தான்.

தம்பி நிதானமாகச் சொன்னான்.

"எடுத்துக்கக்கா. ஆனா உழுதுடாதே."

"ஏன்டா?"

அதற்கு மேல் அவன் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"முன்னெல்லாம் பெருமழை பெஞ்சா எங்க மேட்டுல உழுத மண்ணு கரைஞ்சு வந்து உங்க பயிரை மூடிடும். ஒரு தடவை நீங்க வரப்புல உக்காந்து அழுதீங்க. அதைப் பார்த்துட்டு வந்தவர்தான் அண்ணி, அதுக்கப்புறம் அந்த நிலத்துல ஏர் வைக்கவே இல்ல."