மாசத்துக்கு எத்தனை ராத்திரி?

"மாசத்துக்கு எத்தனை ராத்திரி நான் வீட்டுல படுப்பேன், சார்?"

கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டே ரெனீட்டா கேட்டாள்.

எதிரே இருந்த டுவெய்ன் உதட்டைப் பிதுக்கினார். லாரிக் கம்பெனிக்கு டிரைவர்களைச் சேர்த்துவிடுவது அவர் வேலை. அடுத்த மேஜையில் மேனேஜர் கண்ணைக் கம்ப்யூட்டரிலும் காதை இங்கேயும் வைத்திருந்தார்.

"மூணு வாரம் ரோட்டுல. மூணு நாள் வீட்டுல. லோடு வந்துட்டா அந்த மூணு ரெண்டாகும்."

ரெனீட்டா யோசித்தாள். ஸ்பிரிங்டேல் ஊர்க் கோழிக்கறி ஆலையில் பதினொரு வருஷம் குளிரில் நின்று கறியிலிருந்து எலும்பு எடுத்தவள். மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போன பிறகு, சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி லாரி ஓட்டப் படித்து, போன வாரம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். இது முதல் வேலை. வாரம் ஆயிரத்து நானூறு டாலர். ஆலையில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு.

வீட்டில் இரட்டைப் பெண்கள். ஐவி, ஓப்பல். அவர்கள் அப்பா போய் ஆறு வருஷமாகிறது.

நேற்று இன்னொரு கம்பெனிக்காரன் போனில், "வாராவாரம் வீட்டுக்கு அனுப்பிடுவோம்" என்று தேனாகப் பேசினான். எழுதிக் கொடுங்கள் என்றதும் போனை வைத்துவிட்டான்.

"அக்டோபர்ல பிள்ளைங்களுக்கு ஒன்பது வயசு முடியுது. அன்னைக்கு ஒரு நாளாவது..."

"லாரிக்குப் பிறந்தநாள் எல்லாம் தெரியாதும்மா. போன்ல பாடு. அதுங்க கேட்டுக்கும்."

"கேட்டது தப்பா?"

"தப்பில்ல. உன்னை மாதிரி நிறையப் பேரைப் பார்த்தாச்சு. ஒரு மாசம் ஓட்டுவீங்க. அப்புறம் நெப்ராஸ்கால எங்கேயாவது வண்டியை நிறுத்திட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல்னு அழுவீங்க. வண்டியை எடுத்துட்டு வர நான் வேற ஆளை அனுப்பணும்."

மேனேஜர் தலையைத் தூக்கினார். "டுவெய்ன், கையெழுத்தை வாங்குங்க."

"வாங்கிட்டுத்தானே சார் இருக்கேன்." டுவெய்ன் மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "தினம் வீட்டுக் கட்டில்தான் வேணும்னா, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் லோர்னான்னு ஒருத்தி இருக்கா. கோழிப் பண்ணைக்கு லாரில தீவனம் கொண்டுபோய்க் கொட்டற வேலை. சம்பளம் இதுல முக்கால்கூட வராது. தைரியமில்லாதவங்க எல்லாம் அங்கதான் போய்ச் சேருவாங்க."

ரெனீட்டா பேனாவை மூடினாள்.

"பதினொரு வருஷம் ஐஸ் மாதிரி குளிர்ல கத்தி பிடிச்சவ நான். தைரியத்தை நீங்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். என் பிள்ளைங்களை எப்பப் பார்ப்பேன்னு கேட்டேன். நாளைக்கும் கேட்பேன். உங்க ஆயிரத்து நானூறை நீங்களே ஓட்டிக்கங்க."

எழுந்து வெளியே வந்தாள்.

காரைக் கிளப்பினாள். முதல் சிக்னலிலேயே, விட்டுவிட்டு வந்த ஆயிரத்து நானூறை மனசு கணக்குப் போட ஆரம்பித்தது.

அக்கா போன் செய்தாள். "கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல."

"பைத்தியமாடி உனக்கு? பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல?"

"நீ நல்லாத்தான் பார்த்துக்குவே. எனக்கும் பார்க்கணும்."

போனை வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள், ரயில் பாதையைத் தாண்டினாள். தைரியமில்லாதவர்கள் போகிற இடத்தையும் பார்த்துவிடலாம்.

தீவனத் தூசி படிந்த முற்றத்தில், பூட்ஸ் போட்ட ஒரு பெண் லாரி டயரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லோர்னா நீங்கதானே? டிரைவர் வேலை இருக்கா?" ரெனீட்டா மூச்சுவிடாமல் சொன்னாள். "சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டுல இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா அன்னைக்கு லீவு. இரக்கப்பட்டு ஒண்ணும் தர வேண்டாம். ஓட்டிக் காட்டறேன், பிடிச்சா எடுத்துக்கங்க."

லோர்னா லாரிச் சாவியை நீட்டி, இரண்டு தீவனத் தொட்டிகளுக்கு நடுவிலிருந்த இடுக்கைக் காட்டினாள். வண்டி நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட மிச்சமிருக்காது.

ரெனீட்டா ஒரே தடவையில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"திங்கட்கிழமை காலைல அஞ்சு மணிக்கு வா," என்றாள் லோர்னா. "வாரம் தொள்ளாயிரம். நீ சொன்னதெல்லாம் எழுதியே தர்றேன்."

ரெனீட்டாவுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "அந்த டுவெய்ன் உங்க இடத்தைப் பத்தி என்ன பேசறான் தெரியுமா?"

"தைரியமில்லாதவங்க சேர்ற இடம்னா?" லோர்னா சிரித்தாள். "அரை மணி முன்னாடிதான் போன் பண்ணினான். கோபமா ஒருத்தி வருவா, ரெட்டைப் பிள்ளைக்காரி, அந்த டிரைவர் வேலையை வேற யாருக்கும் குடுத்துராதேன்னான்."

ரெனீட்டா அவளையே பார்த்தாள். "அப்போ, வேணும்னேதான் திட்டினாரா?"

"மேனேஜர் பக்கத்துல உட்கார்ந்திருக்கறப்போ, சேராதேன்னு வேற எப்படிச் சொல்லுவான்?"

"அவர் ஏன் இப்படிச் செய்யணும்? ஆள் சேர்த்தாத்தானே அவருக்குக் காசு?"

லோர்னா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"பத்தொன்பது வருஷம் ரோட்டுலயே இருந்தவன்மா. மகள் கல்யாணத்துக்கு இவனைக் கூப்பிடலை. அன்னையிலேர்ந்து, சின்னப் பிள்ளைங்க இருக்கறவங்க ஒருத்தரையும் அவன் கையெழுத்துப் போட விட்டதில்லை."