பதினேழெட்டு

பள்ளியின் நூற்றாண்டு விழாவன்று, அறுபதைத் தாண்டிய பழைய மாணவர்கள் பழைய பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களின் கணக்கு வாத்தியார், தொண்ணூறு வயது தாவீது சார், கரும்பலகையைத் தட்டினார்.

"பதினேழெட்டு எவ்வளவுலே?"

எல்லோரும் சிரித்தபடி முழித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து மாசானம் எழுந்தார்.

"நூத்தி முப்பத்தாறு, சார்."

விடை சொன்னவன் சொல்லாதவர்களை அறைய வேண்டும் என்பது அந்த வகுப்பின் வழக்கம். படித்த காலத்தில் அத்தனை பேரிடமும் அறை வாங்கியவர் மாசானம்.

"போடுலே மாசானம்!" என்று கைதட்டினார்கள்.

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். முதல் அறையிலேயே டாக்டர் ஜெபசிங்கின் கண்ணாடி பறந்தது; உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. கைதட்டல் நின்றது.

"போதும்லே, உக்காரு," என்றார் சார்.

"இன்னும் பெஞ்சு முடியலயே சார்."

அடுத்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி மெல்ல எழுந்தார். பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, கைகட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.