முதற்பங்கு

கனடாவின் புரோசார்ட் நகரில், வீட்டின் கராஜுக்குள் நவம்பர் வெயில் சூடில்லாமல் விழுந்து கிடக்கிறது. செல்வராசன் தரையில் பிளாஸ்ரிக் விரித்து, தீட்டிய கத்தியோடு காத்திருக்கிறார். உள்ளே மனைவி மான் கறிக்கு வெங்காயம் வதக்கும் மணம். செல்வராசனோடு இருபது வருடம் காட்டுக் குடிசையில் குளிரில் நடுங்கி வேட்டையாடிய சிநேகிதன் இறந்துபோய்விட்டாலும், வேட்டை இறைச்சியில் முதற்பங்கு இன்றைக்கும் அந்த வீட்டுக்குத்தான். சிநேகிதனின் மனைவி நிரஞ்சலா பங்கை வாங்க மூடிபோட்ட வெறும் சட்டியோடு வந்து நிற்கிறாள். இந்த வருடம் செல்வராசனுக்கு முழங்கால் ஏலாது. மகன் தனுஜன்தான் வேட்டைக்குப் போனான், ஹீற்றரும் வைஃபையும் உள்ள வாடகை விடுதிக்கு. வந்து இறங்கியவன் காரின் பின்கதவைத் திறக்கிறான். துவாயில் சுற்றிய மான் கொம்பு மட்டும் கிடக்கிறது. "இறைச்சி எங்கையடா?" "வழிகாட்ட வந்த ஆளுக்கே குடுத்திட்டன் அப்பா. கார் மணக்குமெல்லோ." செல்வராசன் கத்தியைத் துடைக்கிறார்; அதில் துடைக்க ஒன்றுமில்லை. தனுஜன் போனை அவர் கையில் திணித்துவிட்டு, கொம்பைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். "ஒரு படம் எடுங்கோ." பிறகு பக்கத்தில் பார்க்கிறான். "அன்ரி, சட்டி படத்துக்குள்ள வருது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ." நிரஞ்சலா சட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நகர்கிறாள்.