தபால் ஏற்கப்படாது

அவர் கவரை விடவில்லை.

கூரியர் கடைக்காரர் பால்சாமி மறுமுனையைப் பிடித்திருந்தார். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவருக்கு அவசரம் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் கடைப் படி ஏறி வந்தால், எந்த வியாபாரியும் அதை நிதானமாகத்தான் அனுபவிப்பான்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க ஆபீஸ் இன்னைக்கு லீவா?"

அவர் கவரை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அவருடைய மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கட்டி. ரொம்ப நேரம் நிற்க முடியாது.

"விடுங்க," என்றாள்.

விட்டார்.

முன்பெல்லாம் வைத்தியச் செலவை இலாகாவே பார்த்துக்கொண்டது. மெதுவாகப் பார்த்தது, முனகிக்கொண்டே பார்த்தது, ஆனாலும் பார்த்தது. இந்த வருஷம் வேலையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் எல்லோரையும் மொத்தமாக ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார்கள். சந்தையில் மாட்டை விற்பவன்கூடப் பழைய கயிற்றை அவிழ்த்துத் தன்னோடு வைத்துக்கொள்வான். இவர்கள் கயிற்றோடு கொடுத்தார்கள். சங்கச் செயலாளர் சால்வை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முன்பே கம்பெனியின் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஸ்கேன் படமும் டாக்டர் சீட்டும் அசலாக வந்து சேர வேண்டும். கூரியரில் வரலாம், நேரில் கொண்டுவரலாம். தபால் ஏற்கப்படாது.

தபால்காரர்களுக்கான திட்டம்.

தபால் ஏற்கப்படாது.

கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இதை வாசித்ததாகத் தெரியவில்லை. அவர் வாசித்தார். வாசித்துவிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

"சீல் குத்திப் போறத எவன் வாங்க மாட்டேம்பான்?"

வாங்கவில்லை. பெற மறுக்கப்பட்டது என்று எழுதித் திரும்பி வந்தது. அதிலும் அவருக்கு ஒரு பெருமை. ஒரு முனைகூட மடங்காமல் வந்திருக்கிறதாம்.

அதற்குள் ஆபரேஷன் தேதி போய்விட்டது. டாக்டர் இன்னொரு தேதி கொடுத்தார். வருகிற திங்கட்கிழமை. இதையும் தள்ளிப்போட்டால் அப்புறம் அறுத்துப் பிரயோஜனம் இல்லை என்றார்.

நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றுதான் அவள் கேட்டாள். ஊரார் கடிதத்தையெல்லாம் வெயிலில் வீடு வீடாகக் கொண்டுபோனவர், பெண்டாட்டியின் கவரைக் கொண்டுபோக மாட்டாராம். பிறகு இலாகா எதற்கு இருக்கிறது என்றார். கூரியருக்குச் சம்மதிக்க வைக்கவே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அவள் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் மகள். கௌரவம் அசலுக்குக்கூட விலைபோகாத சரக்கு என்று அவளுக்குத் தெரியும். அவளைக் கட்டியவருக்கோ கடை முழுக்க அந்த ஒரே சரக்குதான்.

பால்சாமி முகவரியை வாசித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்கோடை மறுபடி வாசித்தார். யாருக்கோ போன் போட்டார்.

வாடகை மிச்சம் என்று கம்பெனி தன் ஆபீஸைத் திருச்சிக்கு வெளியே, பைபாஸையும் தாண்டி, ஒரு பொட்டல்காட்டில் வைத்திருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் எங்க ஆளு போறதில்ல. எந்தக் கூரியர்ல கேட்டாலும் இதே கததான். திருச்சி வரைக்கும் எங்க வண்டி. அங்கன வச்சு..."

இருமினார்.

"அங்கன வச்சு?"

"ஸ்பீடு போஸ்ட்ல போட்டுருவோம். எல்லாரும் செய்றதுதான்."



தபால்காரர் சிரித்தார்.

டாக்டர் கட்டி என்று சொன்ன நாளிலிருந்து சிரிக்காத மனிதர். தோள் நிமிர்ந்தது. யாரும் சொல்லாமலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ கடைசியில எங்க ஆளுதான் கொண்டுபோகணும்."

"ஆமா அண்ணாச்சி."

"மழையா இருந்தாலும் போவான்."

"போவான்."

"ஒன்னய மாதிரி ஏரியா பாக்க மாட்டான்."

பால்சாமி தலையை ஆட்டினார். வந்த கிராக்கியைப் பகைத்துக்கொள்ளாத தலை.

அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

போவான். போய்க் கம்பெனி வாசலில் நிற்பான். அவர்கள் வாங்க மாட்டார்கள். கவர் ஒரு முனைகூட மடங்காமல் வீடு வந்து சேரும்.

இதெல்லாம் தெரியாத மனிதர் இல்லை. தெரிந்தும் சிரிக்கிறார்.

கடையின் கண்ணாடி மேசைமேல் அவர் விரலால் கோடு போட ஆரம்பித்தார். இங்கே கோவில்பட்டியில் தபால் பை கட்டுவது, ரயிலில் ஏற்றுவது, திருச்சியில் பிரிப்பது. பால்சாமி உச்சுக்கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. மேசையிலிருந்து கவரை எடுத்தாள். இரண்டு பேரும் கையை நகர்த்தி வழிவிட்டார்கள், பேச்சை விடவில்லை.

படி இறங்கினாள். ரோட்டைத் தாண்டினாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மதுரை பஸ் வெளியே வந்துகொண்டிருந்தது. கை காட்டினாள்.

ஜன்னலோரம் இடம் இருந்தது. அங்கிருந்து கடை தெரிந்தது. அவர் இன்னும் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போகணும்?"

"திருச்சி. மதுரையில மாறிக்கிடுதேன்."

அவள் பார்வை போன பக்கம் கண்டக்டரும் ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்தார்.

"கூட ஆள் வருதா? நிறுத்தவா?"

"இல்ல," என்றாள். "போங்க."