பானைகளின் தாய்

எகிப்துப் பாலைவனத்தில், பழைய அரசர்களைப் புதைத்த இடத்தில், ஒரு கல்லறை வாசலில் ஒரு கல் நின்றது. உள்ளே கிடந்த அரசனின் பெயர் அதன்மேல் வெட்டப்பட்டிருந்தது.

ஆற்றங்கரை மக்கள் நாள் முழுக்க நடந்து வந்து, மண்கலயங்களில் பாலும் மதுவும் படைத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் ஒரு கலயம் கல்லிடம் கேட்டது.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். உள்ளே இருக்கிறவர் பேர் என்னங்க?"

"உன்னைப் போன்ற மண்ணுக்குச் சொல்கிற பெயர் இல்லை அது" என்றது கல்.

கலயங்கள் வந்துகொண்டே இருந்தன. உடைந்து உடைந்து மேடாகக் குவிந்தன. மணற்காற்று கல்லின் எழுத்துகளைத் தேய்த்து அழித்தது. படிக்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள். கடைசியில் கல்லுக்கே அந்தப் பெயர் மறந்துவிட்டது.

"உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?" என்று அது ஓடுகளைக் கேட்டது.

"நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், ஐயா" என்றது ஓர் ஓடு. "ஒரு தடவை சொல்லியிருந்தால், யாராவது ஒருத்தர் ஞாபகம் வைத்திருப்போம்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் கல்லை அதிகம் வருத்தியது.

வெகுகாலம் கழித்து, யூனுஸ் என்ற ஆட்டிடையன் புது மனைவியோடு அந்த வழியாகப் போனான்.

"இது என்ன இடம்?" என்றாள் அவள்.

"உம்முல் கஆப் என்பார்கள். பானைகளின் தாய்."

"யாரைப் புதைத்திருக்கிறார்கள்?"

"யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

கல் அந்த அரசனின் பெயருக்காக நெடுநேரம் யோசித்தது. பிறகு, "பானைகளின் தாய்" என்று தானும் மெல்லச் சொல்லிப் பார்த்தது.