சிதறாத தட்டு

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நான்காவது தட்டையும் அவள் மடியில் வைத்துக்கொண்டு, கையை வேண்டுமென்றே நடுங்கவிட்டாள்.

விரலிடுக்கில் இருந்த புகையிலைத் தூள் தட்டில் விழுந்து, தாழ்ந்த விளிம்பைத் தாண்டி மடியெல்லாம் சிதறியது. இதுவும் சரிப்படாது.

பாவம், அந்தக் கடைக்காரர். சிகரெட் சாமான் விற்கிற அந்தச் சின்னக் கடையில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருப்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாதிரிக்கு ஒரு சிட்டிகைத் தூள் கேட்டு வாங்கி, கையை உதறி உதறிச் சிகரெட் சுருட்டும் தட்டு பார்க்கிற பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

சிங்கப் படம் போட்டது, மண்டையோடு போட்டது, காந்த மூடி வைத்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். படத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது உயரமான விளிம்பு. மூலைகள் வளைவாக இருக்க வேண்டும், சிந்தினதை ஒரே வழிப்பில் அள்ளுவதற்கு. ஓரம் கையைக் கிழிக்கக் கூடாது. மடியில் வழுக்காத அளவுக்குக் கனமும் வேண்டும்.

ஐந்தாவது தட்டில் ஒரு துணுக்குகூட வெளியே போகவில்லை. கருநீலத் தகரம். படம் கிடையாது.

உங்கள் வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர் என்றார் கடைக்காரர். கையோடு ஒரு புகையிலைப் பொட்டலத்தையும் நீட்டினார். அதெல்லாம் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

கொடுத்துவைத்தவராம்! கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புகையோடு அவள் போட்ட மல்லுக்கட்டு இவருக்கு எங்கே தெரியும்?

அவள் புருஷன் தச்சர். இடது காதில் பென்சில், வலது காதில் தானே சுருட்டிய சிகரெட். இரண்டும் இல்லாமல் பட்டறையில் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. ஒருநாள் கவனமில்லாமல் இடம் மாற்றிச் சொருகிவிட்டு, பென்சிலை வாயில் வைத்துப் பற்றவைத்தார். பட்டறையே ஒரு வாரம் சிரித்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் அவர் வாசலில் நுழையும்போதே அந்த வலது காதிலிருந்து சிகரெட்டை உருவி, இரண்டாக ஒடித்துப் போடுவாள். மறுநாள் காலையில் அதே காதில் புதிதாக ஒன்று இருக்கும். மனிதர் அசரவே இல்லை.

கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். ஆனால் இப்படியா ஜெயிக்க வேண்டும்?

மழைக்காலத்தில் வந்த பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தைச் சாய்த்துவிட்டது. இனி ஒரு இழுப்புக்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கால் தேறியது. பேச்சும் திரும்பியது. கைதான் மார்புக்கு மேலே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். நான் என்ன கைக்குழந்தையா என்று பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்படியே சும்மா விட்டால் கை திரும்பவே திரும்பாது என்று அந்தப் பெண் இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அன்றிலிருந்து இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உளி பிடித்த கை. அது போனால் மனிதர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். சுருட்டின கை மட்டும் சும்மா இருக்குமா?

முன்பெல்லாம் தொடைமேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டுச் சுருட்டுவார். உதறுகிற கைக்குப் பலகை ஆகாது. ரோஷக்காரர் வேறு. ஒரு தடவை தரையெல்லாம் சிந்திவிட்டால் போதும், அப்புறம் தொட்டும் பார்க்க மாட்டார். அதற்குத்தான் இந்தத் தட்டு. இதுவும் பலிக்காவிட்டால் அவளிடம் வேறு வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஒளித்து வைத்திருந்த அவருடைய பழைய டப்பாவைச் சமையலறைக்குக் கொண்டுபோய் நிரப்பினாள். அவரை எழுப்பி உட்காரவைத்து, மடியில் தட்டை வைத்தாள். அதில் டப்பாவையும் காகிதக் கட்டையும் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் இடது கை காகிதத்தைப் பிடித்துக்கொள்ள, வலது கை மெதுவாக உள்ளே போய் அள்ளியது. உதறியது. பாதி கொட்டியது. கொட்டினது விளிம்பில் முட்டித் தட்டுக்குள்ளேயே நின்றது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

முதல் காகிதம் கிழிந்தது. இரண்டாவது அவிழ்ந்துகொண்டது. உதவிக்குப் போகத் துடித்த தன் கைகளை அவள் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூன்றாவது கோணலும் மாணலுமாக உருண்டது. தலையைக் குனிந்து, நாக்கால் ஓரத்தை நனைத்து ஒட்டினார். ஒட்டிக்கொண்டது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சட்டத்துக்குக் கோணல் பார்ப்பது போல அதைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

“டீ இலையச் சுருட்டறதுக்காடி இவ்வளவு நல்ல தட்டு?”

மோந்தபோதே தெரிந்திருக்கிறது கள்ளனுக்கு. பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அவர் காதைப் பார்த்தாள்.

கேட்ட வாக்கில், பழைய ஞாபகத்தில், அவர் அதை வலது காதில் சொருகிவிட்டிருந்தார். வலது கையால்.

அவருக்கே அது தெரியவில்லை. அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

சொன்னால் அந்தக் கைக்குத் தெரிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் காதிலிருந்து எதையும் உருவாமல், டப்பாவை மட்டும் அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.